எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்டுன்னா ஸ்ட்ராங்குன்னு யாருங்க சொன்னது?

மீன்பிடி ராடு வாங்கப் போற பசங்க எங்கிட்ட கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "அண்ணா, ஃபாஸ்ட் போதுமா, எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்டே எடுத்துடட்டுமா?" ஃபாஸ்ட்டுன்னா ஸ்ட்ராங், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்டுன்னா இன்னும் ஸ்ட்ராங்குன்னு அவங்க மனசுல ஒரு கணக்கு. கடைக்காரரும் தலையாட்டிட்டு விலை ஜாஸ்தியா இருக்கறதை எடுத்து நீட்டிடுவார். இதைப் பத்தி ஒரு பதிவு போடணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். தூண்டில் பக்கமே தலைவெச்சுப் படுக்காத மக்கள் மன்னிக்கணும், இன்னிக்கு மொக்கை கொஞ்சம் டெக்னிக்கல் :-)

ராடுல கைப்பிடி, ரீல் மாட்டற இடம், வளையம் எல்லாத்தையும் உருவிட்டா மிச்சம் இருக்கற வெறும் தண்டுக்குப் பேரு பிளாங்க். ராடோட குணம் மொத்தமும் இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் நகை நட்டு. அந்தக் குணத்தை ரெண்டு வார்த்தையில சொல்றாங்க. ஒண்ணு பவர், இன்னொண்ணு ஆக்‌ஷன். எவ்வளவு எடை இழுத்தா வளையுதுங்கறது பவர். அல்ட்ரா லைட்டுல ஆரம்பிச்சு லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவின்னு மேல போகும். எந்த இடத்துல வளையுதுங்கறது ஆக்‌ஷன். நுனி மட்டும் வளைஞ்சா எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட், மேல் மூணுல ஒரு பங்கு வளைஞ்சா ஃபாஸ்ட், பாதி வரைக்கும் வந்தா மாடரேட், கைப்பிடி வரைக்கும் வில்லு மாதிரி வளைஞ்சா ஸ்லோ.

ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சுண்டுவிரல் தடிமன்ல இருக்கற அல்ட்ரா லைட் ராடு எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்டா இருக்கலாம். அந்தக் காலத்துல படகுல கட்டி பெரிய மீனுக்கு இழுத்துட்டுப் போன ஃபைபர் கிளாஸ் ராடெல்லாம் படு ஹெவி, ஆனா ஆக்‌ஷன் ஸ்லோ. ஃபாஸ்ட்டுங்கறது பலத்துக்கான பட்டமே கிடையாது. வளைஞ்ச நுனி சட்டுனு நேராகுதுங்கறதால வந்த பேரு, அவ்ளோதான்.

சரி, இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேப்பீங்க. நெட்டுக்குப்பம் ஊர்க்காரங்களுக்கு ஒண்ணும் முழுகலை. அவங்களுக்கு வலையும் கைத்தூண்டிலும்தான் தொழில், ராடுங்கறது அவங்க பார்வையில பொழுதுபோகாதவன் குச்சி. ஆனா முகத்துவாரத்துக் கல்லு மேலயும், திருவொற்றியூர்ல இருந்து எர்ணாவூர் வரைக்கும் கடலுக்குள்ள நீட்டிக் கொட்டி வெச்சிருக்கற கல்லு மேலயும் ராடோட நிக்கறவங்க யாருன்னு பாருங்க. துறைமுகத்துலயும் சுத்துப்பட்டு கம்பெனிகள்லயும் கான்ட்ராக்ட் வேலை பாக்கற பசங்கதான் முக்கால்வாசி. ஆறாயிரம் ரூபா ராடுங்கறது அவங்களுக்குப் பல நாள் சம்பளம். அதை ஆன்லைன்ல, கையில தொட்டுக்கூடப் பாக்காம, ரெண்டு இங்கிலீஷ் எழுத்தை நம்பி வாங்கறாங்க. அந்த எழுத்துக்கு அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி வேறங்கறதுதான் என் ஆதங்கம்.

இதுக்கு உலகத்துல பொதுவான அளவுகோல்னு ஒண்ணு கிடையாது. ஏரியில பாஸ் மீன் பிடிக்கன்னு அமெரிக்காவுல செய்யற மீடியம் ஹெவி ராடு, சுமாரா 10 கிராம்ல இருந்து 28 கிராம் வரைக்கும் வீசறதுக்கு. அதே மீடியம் ஹெவின்னு கரையில நின்னு ஜிக் வீசற ராடுல போட்டிருந்தா 60 கிராம் வரைக்கும் தாங்கும். ரெண்டுலயும் எழுத்து ஒண்ணுதான்! பிளாங்க்ல போட்டிருக்கற ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 கதையும் இப்படித்தான். அது ஹெக்ஸெல்ங்கற ஒரு கார்பன் நார் கம்பெனி தன் சரக்குக்கு வெச்ச பேரு, தரச் சான்று இல்லை. அதைப் பாத்து விலை கட்டறதை முதல்ல விடுங்க.

இனி நம்ம ஊரு தண்ணிக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம் இது. அனல்மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்கா ஆத்துல சேந்து பல இடத்துல ஆழமே இல்லாமப் பண்ணிடுச்சு (2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் வந்து படிஞ்ச கதை தனிப் பதிவு). ஆழம் இல்லாத இடத்துல கொடுவா மாட்டினா கீழ எங்க போகும்? பக்கவாட்டுல ஓடும், கல்லைப் பாத்து ஓடும், நடுவுல ஒரு தாவு தாவி தலையை உதறும். அந்த உதறல்தான் முக்கியம். அந்த நேரத்துல முள்ளு கழண்டு வராம இருக்கணும்னா நரம்பு ஒரு நொடிகூடத் தொய்யக் கூடாது, அதே சமயம் வெடுக்குனு இழுபடவும் கூடாது. யாராவது ஒருத்தர் விட்டுக் கொடுத்தே ஆகணும்.

முன்னாடி அந்த வேலையைத் தங்கூசி பாத்துச்சு. நைலான் நரம்பு இழுத்தா ரப்பர் மாதிரி நல்லாவே நீளும். நரம்பு அவ்வளவு நீளும்போது, மீன் கடிச்சதும் முள்ளை அழுத்திக் குத்தறதுக்கு விறைப்பான ஃபாஸ்ட் ராடு தேவைப்பட்டது நியாயம். இப்ப எல்லார் ரீல்லயும் பிரெய்டு. அது நீளறதே இல்லைன்னு சொல்லலாம். நீளாத நரம்பு, வளையாத ராடு, அதுக்கு முன்னால மூணு கொக்கி முள்ளோட ஒரு லூர். ஜோடிப் பொருத்தம் பாத்தா இதைவிட மோசமா அமையாது. மீன் உதறின உதறல்ல முள்ளு வாயைக் கிழிச்சிட்டு வந்துடும், இல்லைன்னா முள்ளே நிமிந்துடும். "பெரிய மீனுண்ணா, ராடு பத்தலை"ன்னுட்டு அடுத்த மாசம் இன்னும் விறைப்பான ராடுக்கு ஆர்டர் போடறாங்க. நோய்க்கு மருந்தா அதே நோயை வாங்கிச் சாப்பிடறாப்ல.

ரெண்டாவது, கல்லு. மேட்டுல நின்னுட்டு காலுக்குக் கீழ மீனைக் கொண்டு வரும்போது ராடை எல்லாரும் தலைக்கு மேல தூக்கறோம். அப்ப நரம்பு செங்குத்தா கீழ இறங்க, மொத்த பாரமும் நுனி அரை அடியில வந்து உக்காரும். அடித்தண்டு வரைக்கும் வளையற ராடு அந்த பாரத்தைக் கீழ இறக்கிவிடும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதுலயும் விலை ஏற ஏற கார்பன் விறைப்பு கூடும், அதனால தண்டைச் சன்னமா செய்வாங்க, கையில எடுத்தா இறகு மாதிரி இருக்கும். அந்தச் சன்னத் தண்டு கல்லுல ஒரு தடவை இடிபட்டா வெளியில ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரம் கழிச்சு சின்ன மீனுக்கு டப்புனு உடையும். நண்பர் ஒருத்தரோட ராடு இப்படித்தான் ரெண்டாப் போச்சு. வித்தவங்க 'தப்பா பயன்படுத்தினீங்க'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

அதனால என் கட்சி இது: நெட்டுக்குப்பம் கல்லுக்கு லூர் போடறவங்க பவர்ல மீடியம் ஹெவி, ஆக்‌ஷன்ல மாடரேட் ஃபாஸ்ட், அதாவது ஃபாஸ்ட்டுக்கும் மாடரேட்டுக்கும் நடுவுல இருக்கறதை வாங்குங்க. கொஞ்சம் கிளாஸ் கலந்த கார்பன்னா இன்னும் நல்லது. கனமாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். ஒத்தை முள்ளு ஜிக்ல ரப்பர் மீன் கோத்து அடியில தட்டித் தட்டி இழுக்கறவங்களுக்கு மட்டும் ஃபாஸ்ட் சரி. அங்க கடி தெரியறதுதான் முக்கியம், ஒத்தை முள்ளு ஆழமா ஏறவும் விறைப்பு வேணும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்டுக்கு இந்தக் கல்லு மேல எனக்கு ஒரு வேலையும் தெரியலை.

எங்க பக்கத்துத் தெரு பெரியவர் ஒருத்தர், கைத்தூண்டில் போட்டே தலை நரைச்சவர், நான் இதெல்லாம் விளக்கினதைக் கேட்டுட்டுச் சொன்னார்: "இன்னாபா, குச்சி வளையறதுக்கு இவ்ளோ கணக்கா? மீன் இஸ்த்தா உடணும், நின்னா இஸ்க்கணும்." அவருக்குப் பவரும் ஆக்‌ஷனும் விரல்லயே இருக்கு. நமக்கு இல்லாததாலதான் காசு கொடுத்து வாங்கறோம்.

வாங்கினதை அளக்கவும் வழி இருக்கு. 2003ல ராட்மேக்கர் பத்திரிகையில வில்லியம் ஹானிமேன்ங்கறவர் காமன் சென்ட்ஸ் சிஸ்டம்னு ஒரு முறை எழுதினார். கைப்பிடியைப் படுக்கையா இறுக்கிட்டு, நுனியில ஒரு பை கட்டி, ராடு நீளத்துல மூணுல ஒரு பங்கு நுனி இறங்கற வரைக்கும் அமெரிக்க ஒரு சென்ட் காசா போட்டுட்டே வரணும். எத்தனை காசுங்கறது பவர். அப்ப நுனி படுக்கைக் கோட்டுல இருந்து எத்தனை டிகிரி சாயுதோ அது ஆக்‌ஷன், டிகிரி கூடினா ஃபாஸ்ட். பேருலயே சிலேடை வெச்ச மனுஷன்.

நம்ம காசுல ஒரு ரூபாயே பல எடையில வந்திருக்கு, ஒத்து வராது. தண்ணி இருக்கே! ஒரு மில்லி ஒரு கிராம். காலி லிட்டர் பாட்டிலை நுனி வளையத்துல நூலால கட்டுங்க. 9 அடி ராடுன்னா நுனி 3 அடி இறங்கற வரைக்கும் அளந்து ஊத்துங்க, பாட்டில் எடையையும் சேத்துக்குங்க. பக்கவாட்டுல செல்போன்ல ஒரு படம் எடுத்தா சாய்வும் கிடைச்சிடும். என் ராடையும் நண்பரோட இன்னொரு ராடையும் மொட்டை மாடியில இப்படிப் பாத்தோம். ரெண்டும் 9 அடி, ரெண்டுலயும் மீடியம் ஹெவி, ஃபாஸ்ட்டுன்னு அச்சு. ஒண்ணு அரை லிட்டர் வர்றதுக்குள்ளயே இறங்கிடுச்சு, இன்னொண்ணு முக்கால் லிட்டர் தாண்டியும் முறைச்சிட்டு நின்னுச்சு. ஆறாயிரம் வாங்கறவங்க இந்த ஒரு எண்ணை டப்பா மேல போட்டா என்ன குறைஞ்சு போகும்? அரிசி மூட்டையிலயே எடை போடணும்னு சட்டம் இருக்கு.

அது வரைக்கும் நம்மளே அளப்போம். உங்ககிட்ட ராடு இருந்தா நீளம், எத்தனை மில்லி, எத்தனை டிகிரின்னு எழுதுங்க, ஒரு பட்டியலா போட்டு வைக்கறேன். பிராண்டு பேரு அப்புறம் பாத்துக்கலாம்.

பி.கு: கார்பன் கரண்ட் கடத்தும். கழிமுகத்துக்கு மேல போற உயரழுத்தக் கம்பிக்குக் கீழ நின்னு ராடைத் தூக்கி வீசாதீங்க, இடி இடிச்சா மடக்கி வெச்சுட்டுக் கிளம்பிடுங்க. இந்த விஷயத்துல எல்லா பவரும் எல்லா ஆக்‌ஷனும் ஒண்ணுதான்.