ஒளிரும் இழையும் உலைக்களத் தொழிலாளியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலைகள் பல உண்டு. இத்தகைய ஆலைகளின் மின்சார உலைகளுக்கு உட்புறப் பூச்சு படிகக்கல் தூளே. அதை இடித்துக் கெட்டிக்க வேண்டும். தேய்ந்தால் உடைத்தெடுத்து மறுபடி இடிக்க வேண்டும். அப்போது எழும் மெல்லிய தூசி ஸிலிகோஸிஸ் என்னும் நுரையீரல் வியாதிக்கு வித்தாகிறது. பல வருஷ காலம் மனிதன் திடமாகவே தோன்றுவான். எக்ஸ்ரே படத்தில் புலப்படும்போதோ சுவாசப்பையில் தழும்பு விழுந்தாயிற்று. அதைப் போக்கும் மருந்து உலகில் இன்றளவும் இல்லை. முன்கூட்டி அறிந்து தூசியினின்று விலக்குவதொன்றே வழி.

ஆகவே, ஆராய்ச்சிச் சாலைகளிலிருந்து வரும் ஒரு சமாசாரத்தை நம் தொழிலாளர் தலைவர்கள் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம். 1993-ல் அமெரிக்க சாஸ்திரிகளான விக்டர் ஆம்ப்ரோஸும் காரி ருவ்குனும் ஒரு சிறு புழுவினிடம் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் வஸ்துவைக் கண்டார்கள். சுமார் 22 கண்ணிகளே கொண்ட இழை அது. உடலில் எந்தப் புரதம் எவ்வளவு உண்டாகலாம் என்பதை அடக்கியாள்கிறது. 2024-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வியாதி பற்றிய உடலில் இவ்விழைகளின் அளவு மாறுகிறது. 21 என்று எண்ணிட்ட இழை பல புற்றுநோய்களிலும், தழும்பேறிய நுரையீரலிலும் மிகுந்திருக்கக் கண்டிருக்கிறார்கள்.

இதைப் பிடிக்கும் உபாயம் விசித்திரமானது. 2011-ல் நியூயார்க்கில் ஸாமி ஜாஃப்ரி குழுவினர் செயற்கை ஆர்.என்.ஏ. ஒன்றைச் செய்து 'ஸ்பினாச்' என்று கீரையின் பெயரை இட்டார்கள். (பின்னால் வந்த ஒன்றுக்கு மாம்பழத்தின் பெயர், சாஸ்திரிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு போலும்.) தனியே ஒளிவிடாத ஒரு சாயத்தை இது பற்றிக்கொண்டால் பச்சை ஒளி வீசும். இதையே தவறாக மடிந்து கிடக்கும்படி மாற்றியமைக்கிறார்கள். தேடுகின்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. வந்து ஜோடி சேர்ந்தாலன்றி அது சரியாக மடியாது, சாயத்தைப் பற்றாது, ஒளியும் வராது. இரத்தத்தில் இவ்விழை மிகச் சொற்பம், ஆர்.என்.ஏ.யோ விரல் பட்டாலே சிதையக்கூடியது. ஆகையால் ஆஸ்பத்திரிச் சோதனையாக இது இன்னும் கைக்கு வரவில்லை.

நமது கவலை அதுவன்று. வந்தபின், குழாயில் ஒளி கண்ட தொழிலாளியின் கதி என்ன? வடக்கேயிருந்து வந்து கண்டிராக்டரிடம் கூலிக்கு நிற்பவனுக்கு இன்று சோதனை முடிவு, நாளை ரயில் டிக்கட் என்று ஆகாதா? ஊர் போனபின் அவன் இருமி மாண்டால் அது எந்த ஆலையின் கணக்கில் ஏறும்? ஸிலிகோஸிஸைக் கண்ட வைத்தியர் ஃபாக்டரிகளின் தலைமை இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2020-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலும் அத்தகைய விதி உண்டு. ஆனால் அது வியாதி பிடித்தபின் செய்யவேண்டியதைச் சொல்வது. வியாதிக்கு முந்திய குறி மாத்திரம் தென்பட்டவனுக்கு அதில் இடமில்லை.

சோதனை முடிவு முதலில் தொழிலாளியின் கைக்கே வர வேண்டும். அவன் சம்மதமின்றி முதலாளிக்கோ கண்டிராக்டருக்கோ போகலாகாது. குறி கண்டவனுக்குத் தூசியில்லாத வேலை, குறையாத கூலியுடன் தரவேண்டும். கருவி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதலாளிமாரின் பேச்சு. கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூர் காக்களூரிலும் உள்ள சங்கங்கள் அடுத்த கூலி ஒப்பந்தத்திலேயே இம்மூன்றையும் ஷரத்துக்களாக எழுதக் கேட்கட்டும். கூடவே, இன்று கைவசமுள்ள எக்ஸ்ரேயையும் மூச்சுச் சோதனையையும் கண்டிராக்ட் ஆட்களுக்கும் சேர்த்தே வருஷந்தோறும் நடத்தும்படி கேட்கட்டும்.