பொட்டலத்தில் கட்டிய வெயில்

மாட்டுங்கா ரயில் நிலையம் அருகே ஒரு மருந்துக் கடையில் காதில் விழுந்த பேச்சு இது. லேபர் கேம்ப்பிலிருந்து வந்த பெண், இடுப்பில் மூன்று வயதுப் பையன். “அண்ணே, அந்த வெயில் பவுடர் நாலு குடுங்க.” அவர் கேட்டது 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட். கணவருக்கு டி.பி. என்று மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆகிறதாம். பிள்ளைக்கும் தொற்றிவிடாமலிருக்க பக்கத்து வீட்டு அக்கா சொன்ன யோசனை.

அக்காவை முழுக்கக் குறை சொல்ல முடியாது. காசநோய்க்கு வெயிலே மருந்து என்பது பெரிய டாக்டர்களே நம்பிய சங்கதி. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜத்துக்கு சிகிச்சை அளித்த டாக்டர் சௌரி முத்து திறந்தவெளிக் காற்றை நம்பியவர். தாம்பரம் சானடோரியத்தை 1928இல் நிறுவியவரும் அவரே. 2006இல் அறிவியலும் கை கொடுத்தது. கிருமியைக் கொல்லும் ஒரு புரதத்தை வெள்ளணுக்கள் உண்டாக்க வைட்டமின் டி தேவை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனால் சோதனைக் குழாயில் நடப்பது குழந்தையின் உடம்பில் நடக்க வேண்டுமே! மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளிடம் அதைச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு இந்த வைட்டமின் படு குறைவு. பாதிப் பேருக்கு வாரம் 14,000 யூனிட் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2020இல் முடிவு வந்தது. வைட்டமின் பெற்றவர்களில் 3.6 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 3.3 சதவீதம் பேருக்கும் தொற்று. அதாவது, பயன் இல்லை. எலும்புக்கு வைட்டமின் டி அவசியம்தான். ஆனால் அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும். மூன்று வயதுக் குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கிற சமாச்சாரமல்ல அது.

பிறகு எதுதான் தடுக்கும்? ஜார்க்கண்டில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர். ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஒற்றை வைட்டமினால் ஆகாததை வயிறார உண்ட சோறும் பருப்பும் செய்திருக்கின்றன. (இதை மருந்துக் கடையில் விற்க முடியாது என்பதுதான் சிக்கல்.)

வெயிலுக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். செம்பூரைத் தாண்டி மான்குர்த், கோவண்டிப் பக்கம் குடிசைவாசிகளுக்காகக் கட்டிய நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்ட் குடியிருப்புகளைப் பாருங்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே சில அடிகள்தான். கீழ்த்தளங்களில் பட்டப் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். காற்றும் வெளிச்சமும் குறைந்த இத்தகைய வீடுகளில் காசநோய் அதிகம் என்று ஆய்வாளர்கள் 2018 வாக்கிலேயே சுட்டிக்காட்டினார்கள். வெயில் இங்கே வைட்டமினாக அல்ல, கிருமியை அழிக்கும் ஒளியாகத் தேவைப்படுகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றால் அந்தத் தாய் என்ன செய்வாள்?

அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் பெரியவருக்கு நுரையீரல் டி.பி. என்றால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். வழக்கமாக ஆறு மாதம், தினமும் ஐசோனியசிட். அரசு மையங்களில் இலவசம். பெரிய பிள்ளைகளையும் காட்டலாம். இருமல், காய்ச்சல் இரண்டு வாரம் நீடித்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ உடனே பரிசோதனை. சிறு குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது. இரைப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம்.

கடையில் இதைச் சொன்னபோது அந்தப் பெண் கேட்டார்: “இவனுக்குத்தான் இருமலே இல்லியே சார், எதுக்கு மாத்திர?” இருமல் வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டிய மாத்திரை அது என்றேன். பாக்கெட் இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார். சயான் ஆஸ்பத்திரியில் எந்த நாள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.