மரக் கொட்டாரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை, பெரும்பகுதியும் மரத்தால் ஆனது. 1601 வாக்கில் உருவாகத் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்தது. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. 1956இல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. யாரிடம் இருக்க வேண்டும் என்ற பழைய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதே இப்போது முடிவு செய்யப்பட வேண்டியது.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைபவரின் வெறுங்காலுக்கு முதலில் தட்டுப்படுவது தரையின் குளிர்ச்சி. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைக் கலந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கருந்தரை அது. நவராத்திரி மண்டபத்தில் குனிந்து பார்த்தால் கல்தூண்களின் நிழல் கண்ணாடியில் போலத் தெரியும். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கிய மரப்பூக்கள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. தாய்க் கொட்டாரம், ஆலோசனைக் கூடமான மந்திரசாலை, உணவுக் கூடமான ஊட்டுப்புரை என ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டிய இடம்.

நிற்கத்தான் முடிவதில்லை. விடுமுறை நாள்களிலும் சபரிமலை சீசனிலும் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய அகலம். பின்னால் இருப்பவர் தள்ள, முன்னால் இருப்பவர் தூணைப் பிடித்துக்கொள்கிறார். அந்தத் தூணை ஒரு நாளில் ஆயிரம் கைகள் பிடிக்கின்றன. அதிர்வும் வியர்வையின் ஈரமும் மரத்துக்கு ஆகாதவை. கருந்தரை பெயர்ந்தால் சிமென்ட் அதற்கு ஈடாகாது. அரச குடும்பமும் அதிகாரிகளும் ஏவலரும் நடமாடக் கட்டிய மாளிகை, திருவிழாக் கூட்டத்தைத் தாங்கக் கட்டியதல்ல.

எனவே மணிக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பு வைத்து, நேரம் குறித்த சீட்டு தர வேண்டும். தூரத்திலிருந்து வருபவர்கள் ஏமாந்து திரும்ப நேரும் என்பது நியாயமான கவலை. முன்பதிவில் பெரும்பகுதியும் வாசலில் ஒரு பகுதியும் ஒதுக்கினால் அது பெருமளவு தீரும். கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது மட்டும் கூடாது. ஏழைக் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தும் வழி அது. 2018 முதல் தாஜ்மகாலில் ஒரு சீட்டுக்கு மூன்று மணி நேரம்தான். பளிங்குக் கட்டடத்துக்கே கட்டுப்பாடு தேவைப்பட்டபோது, மரத்துக்குக் கூடுதலாகவே தேவை.

குழுவுக்கு ஒரு வழிகாட்டி, தமிழிலும் மலையாளத்திலும் விளக்கப் பலகைகள் ஆகியவையும் சேர வேண்டும். சுற்றுலாப் பேருந்துகளின் வருகையை மாவட்ட நிர்வாகம் முறைப்படுத்தினால்தான் கேரளத் துறையின் வரம்பு வாசலில் நிலைக்கும். இரு அரசுகளும் கூடிப் பேசி, வரும் சபரிமலை சீசனுக்கு முன்பே இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.