ஆலை பக்கத்தில், பாண் இல்லை

இறக்கக்கண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சீனக்குடா போய்விடலாம். அங்கேதான் பிறீமா ஆலை நிற்கிறது. 1980 முதல் நாட்டுக்கே கோதுமை மா அரைக்கும் ஆலை. அப்படியிருந்தும் 2022 நோன்பு மாதத்தில் எங்கள் ஊரில் "பாண் முடிஞ்சு போச்சு" என்ற பதிலைப் பல நாள் கேட்டேன்.

மா அரைப்பது இங்கே, கோதுமை விளைவது இங்கே அல்ல. அது கப்பலில் வரவேண்டும், கப்பலுக்கு டொலர் வேண்டும். அந்த பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அரசு அறிவித்தது. மே 13 இல் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தது. அரிசி மாவுக்கு மாறலாமென்றால், 2021 இன் இரசாயன உரத்தடை வயலையும் கெடுத்திருந்தது.

ஒரு விநியோகஸ்தரை மட்டும் நம்பாதே, இரண்டு பேரை வைத்துக்கொள் என்பது கம்பனிகளின் பழைய பாடம். பாதி உண்மைதான். கொழும்புத் துறைமுகத்திலும் மா ஆலை உண்டு. ஆனால் இரு ஆலைகளும் அதே டொலரைத் தேடித்தான் அலைந்தன. வேர் ஒன்றானால் கிளை இரண்டிருந்து என்ன பயன்?

எரிபொருளில் கதை வேறு. 2022 ஜூன் இறுதியில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமென்று சுருங்கியபோது, லங்கா ஐஓசி திருகோணமலை முனையத்திலிருந்து தொடர்ந்து விநியோகித்தது. இந்தியத் தாய்க் கம்பனி பின்னால் இருந்ததால் அதன் பணம் வேறு வழியில் வந்தது. உண்மையான இரண்டாவது ஆள் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். எங்கள் மீனவருக்கு அதுவும் பெரிதாக உதவவில்லை என்பது தனிக்கதை. படகுக்கான மண்ணெண்ணெய் சப்புகஸ்கந்தையை நம்பியிருந்தது. மசகெண்ணெய் இல்லாமல் அது திரும்பத் திரும்ப மூடப்பட்டது.

பால்மாவிலும் இதே நிலைதான். மூதூர், கிண்ணியாத் தயிருக்குப் பெயர்போன மாவட்டத்தில் குழந்தைக்குப் பால் கரைக்க வெளிநாட்டுப் பைக்கற்றுக்குக் காத்திருந்தோம். வாங்கும் பாலில் ஒரு பங்கையாவது இங்குள்ள பண்ணையாளரிடம் நிலையான விலைக்கு எடுக்கக் கம்பனிகள் ஒப்பந்தம் செய்தால், குளிரூட்டும் நிலையத்தில் முதலிட ஆள் வருவார். இன்று விலை கொஞ்சம் கூடும்தான். கணக்காளர்கள் அந்தக் கூடுதலை மட்டும் பார்க்கிறார்கள். வெறும் தட்டில் போன விற்பனையை எந்தப் பக்கத்தில் எழுதினார்களோ தெரியாது.

சென்ற கிழமை மச்சானின் கடைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். தங்கள் பால்மாவை மட்டும் வைத்தால் நல்ல கழிவு தருவதாகச் சொன்னார். மச்சான் ஒன்றுதான் கேட்டார்: "கப்பல் வராட்டி என்ன செய்வீங்க தம்பி?"

ஒஃபிஸில் கேட்டுச் சொல்வதாகப் போனவர் இன்னும் பேசவில்லை.