அமெரிக்கா கைவிட்ட மாத்திரை

ஹெபடைடிஸ் சி நோய்க்கு நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் டாக்ளட்டாஸ்விர், அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. 'டாக்லின்ஸா' என்ற பெயரில் அதை விற்ற பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2019-இல் அங்கே அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அங்கே கழித்துக் கட்டியதை நமக்குத் தருகிறார்களா என்று நோயாளிகள் பதறத் தேவையில்லை.

மருந்து தோற்கவில்லை, வியாபாரம்தான் தோற்றது. 2015-இல் 12 வாரச் சிகிச்சைக்கு அங்கே வைத்த விலை 63,000 டாலர். தனியாக அது வேலை செய்யாது. 84,000 டாலர் விலையுள்ள சோஃபோஸ்புவிர் மாத்திரையும் கூடவே வேண்டும். மறு ஆண்டே ஒரே மாத்திரையில் முழுச் சிகிச்சையும் வந்துவிட, இரண்டு மாத்திரைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அதே நிறுவனம் 2015 நவம்பரில் ஜெனீவாவின் மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு அமைப்பு வழியாக, 112 நாடுகளுக்கு உரிமத்தொகை இல்லாமல் இதைத் தயாரித்து விற்க வழிவிட்டது. பாராட்டத்தக்க செயல். இந்தியக் கம்பெனிகள் மலிவாகச் செய்து கொடுத்தன. எகிப்து இதே ஜோடி மாத்திரைகளை நம்பி, 2018 அக்டோபரிலிருந்து ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, நோய் உறுதியானவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தது.

நாமோ 2018 ஜூலையில் தேசியத் திட்டத்தைத் தொடங்கி, மாத்திரையை வைத்துக்கொண்டு ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் 55 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று. கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியாவது தேடுவார்கள். இந்தக் கிருமியோ பெரும்பாலும் மஞ்சளையே காட்டாமல் இருபது, முப்பது ஆண்டுகள் கல்லீரலை அரித்துச் சுருங்க வைக்கும். தானாக யாரும் வரமாட்டார்கள்.

எனவே, அரசுதான் தேடிப் போக வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தான ரத்தத்தில் இந்தக் கிருமிக்கான பரிசோதனை கட்டாயமாகும் முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஊசியில் போதை ஏற்றுபவர்கள், சிறைவாசிகள் ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். முதல் சோதனையில் எதிர்ப்பான்கள் தெரிந்தால், கிருமி இன்னும் உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. சோதனைக்கு நோயாளியை இன்னொரு ஊருக்கு அலையவிடக் கூடாது. அன்று எடுத்த ரத்தத்திலேயே அதையும் செய்து முடிக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர், இரண்டாம் முறை வர மாட்டார்.