கை சுத்தம் மட்டும் போதுமா?

மில் வாசலிலும் சரி, களத்து மேட்டிலும் சரி, பொதுவாழ்வில் இருக்கும் ஒருவரைப் பற்றி நம் ஜனங்கள் சொல்லும் பெரிய பாராட்டு ஒன்றுதான்: "கை சுத்தமான ஆள்." லஞ்சம் தொடாதவர், சங்கப் பணத்தில் ஒரு டீ கூடக் குடிக்காதவர், பதவிக்கு வந்தும் மாடி வீடு கட்டாதவர். இப்படிப்பட்டவர்கள் அபூர்வமாகிவிட்ட காலம் இது. ஆகவே அந்தப் பாராட்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடுகிறதா? கை சுத்தமாக இருந்தால் அந்தக் கை போடும் கையெழுத்தெல்லாம் நியாயமாகிவிடுமா? இதைத்தான் இந்த வாரம் தொழிலாளித் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் நம் ஊர் உதாரணம். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆர்.கே.சண்முகம் செட்டியார் கோவைக்காரர். வருமான வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்ப வேண்டிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. 1948 ஆகஸ்டில் அவர் ராஜிநாமா செய்தார். இலாகாவில் நடந்ததற்கு மந்திரி பதில் சொல்ல வேண்டும் என்ற முறை அப்போதாவது இருந்தது.

இன்னொருவர் லால் பகதூர் சாஸ்திரி. 1956-ல் அவர் ரயில்வே மந்திரி. அந்த ஆண்டு மெகபூப்நகரில் நடந்த ரயில் விபத்தின்போதே ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்த முறை சாஸ்திரி ராஜிநாமா செய்து வெளியேறியே விட்டார். பின்னாளில் பிரதம மந்திரியாக இருந்தபோது ஒரு கார் வாங்க பாங்கியில் கடன் எடுத்தார் என்றும், 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் காலமான பிறகு மனைவிதான் அந்தக் கடனை அடைத்தார் என்றும் அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். கை சுத்தத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தக் கை போட்ட கையெழுத்து

அதே சாஸ்திரிதான் 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற நம் ஜனங்களைப் பற்றிய ஒப்பந்தம் அது.

அவர்கள் யார்? 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமாருக்குக் காப்பித் தோட்டம் போட ஆள் வேண்டியிருந்தது. பிறகு தேயிலைக்கு வேண்டியிருந்தது. கங்காணிகள் திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்களில் ஊர் ஊராகப் போய், பஞ்சத்தில் அடிபட்ட கூலி ஜனங்களைத் திரட்டிக் கப்பலேற்றினார்கள். காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கியவர்கள் இவர்கள். இலங்கையின் செல்வத்தில் பெரும் பங்கு இவர்கள் முதுகில் சுமந்த கூடையிலிருந்து வந்தது.

1947 தேர்தலில் இந்த ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அவர்கள் ஓட்டு கைகொடுத்தது. உழைப்பாளி ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று முதலாளி வர்க்கத்துக்குப் புரிந்துவிட்டது. 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் ஓட்டுரிமையும் போயிற்று. ஒரே வீச்சில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள்.

அவர்கள் இலங்கையின் மக்கள், இலங்கையே அவர்களுக்கு உரிமை தர வேண்டும் என்பதுதான் நேருவின் நிலை. 1964-ல் அது மாறிற்று. 1962-ல் சீனாவுடன் யுத்தம் நடந்து முடிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் நட்பு நாடுகள் வேண்டும் என்று டெல்லி தவித்தது. நட்புக்குக் கொடுத்த விலை என்ன? மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். 7 பேரை இந்தியா எடுத்துக்கொண்டால் 4 பேருக்கு அங்கே பிரஜாவுரிமை. இதுதான் விகிதம்.

நம் பக்கத்துக் காட்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பண்ணாடிகளுக்குள் வரப்புத் தகராறு. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து சமாதானம் பேசுகிறார்கள். "உன் பண்ணயத்தில் இருக்கிற ஆளில் பாதிக்கு மேல் நான் ஓட்டிக்கொள்கிறேன், மீதியை நீ வைத்துக்கொள்" என்று முடிவாகிறது. இருவரும் வெற்றிலை மாற்றிக்கொள்கிறார்கள். ஆள்காரன் எங்கே? வாசலில் நிற்கிறான். அவனை யார் கேட்டார்கள்?

தங்களைக் கலந்துகொள்ளாமல் செய்த ஒப்பந்தம் என்று தொண்டமான் தலைமையிலிருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கண்டித்தது. ஜனங்களின் விருப்பம் என்ன என்பது பின்னால் விண்ணப்பங்களில் தெரிந்தது. இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை அளவுக்கு இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு ஆள் வரவில்லை. இலங்கையைக் கேட்டவர்களோ அங்கே ஒதுக்கிய இடத்தைவிட மிக அதிகம். பிறந்த மண்ணை விட்டுப் போக மனம் வராதவர்களை எண்ணிக்கைக்காக அசைத்தார்கள்.

நீலகிரியில் கேட்ட வார்த்தை

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து வந்தவர்களில் பலர் நம் நீலகிரிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கென்று தமிழ்நாடு சர்க்கார் 1968-ல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. டான்டீ என்று நாம் சொல்வது அதைத்தான். சர்க்கார் காகிதத்தில் அவர்கள் "தாயகம் திரும்பியோர்". ஊர் வாயில் இன்றும் "சிலோன்காரர்". தாயகம் என்று சொல்லி அழைத்து வந்த இடத்திலேயே அன்னியர் பெயர்!

கூடலூர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் அக்காள் அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். இவர் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தார். பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. "எங்க தலையை எண்ணினாங்க தம்பி, எங்களை யாரும் கேக்கலை" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி நாம் படித்த எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"ஒப்பந்தம் இல்லாவிட்டால் எல்லோரும் நாடற்றவர்களாகவே கிடந்திருப்பார்களே" என்று சிலர் வாதிக்கலாம். 3 லட்சம் பேருக்கு அங்கே உரிமை என்று எழுதி வாங்கியது பெரிதுதான். ஆனால் மிச்சம் இருந்தவர்களுக்கு 2003-ல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிப் பிரஜாவுரிமை தந்ததே, அதற்கு யாரைக் கப்பலேற்ற வேண்டியிருந்தது? 39 வருஷம் கழித்துச் செய்ய முடிந்ததை அன்றே கேட்டுப் போராடியிருக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

நம் அணியைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே நேர்மையற்றதாகும். 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964-ல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஸ்ரீமாவோ மந்திரிசபையில் இருந்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஸ்ரீமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பங்கு போட்டபோது, கொழும்பு ஆட்சியில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளி. அந்தத் தலைவர்களிலும் கை சுத்தமானவர்கள் இருந்தார்கள். இருந்தும் கூடை சுமந்தவள் தலையை எண்ணுவதற்கு உடன்பட்டார்கள். செங்கொடி பிடித்தவன் என்பதற்காக இதை மன்னிக்க முடியாது.

யாரைக் கேட்டுக் கையெழுத்து?

பாலம் இடிந்தால் மந்திரி ராஜிநாமா செய்கிறார். வரிப் பட்டியலில் பெயர் விடுபட்டாலும் ராஜிநாமா செய்கிறார். லட்சக்கணக்கான குடும்பங்கள் இரண்டாகப் பிளந்ததற்கு ராஜிநாமா செய்தவர் யார்? அது குற்றமாகவே எண்ணப்படவில்லை! கஜானாவுக்கு நஷ்டம் வந்தால் தெரிகிற கண்ணுக்கு, கூலிக்காரன் குடும்பம் உடைந்தால் தெரிவதில்லை.

அண்டை நாடுகளோடு நட்பு வேண்டும். யுத்தத்தால் சாவது ஏழைகளின் பிள்ளைகள் என்பதால் மற்றவர்களைவிட நமக்கே அது அதிகம் வேண்டும். ஆனால் நட்புக்கு விலையாக உழைப்பாளியைத் தரக்கூடாது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் பவானிசாகர் முகாமில் இன்னும் இருக்கிறார்கள். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அவர்களைப் பற்றி இனி டெல்லியும் கொழும்பும் எது பேசினாலும், அவர்கள் பிரதிநிதி அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். டான்டீத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர்களை லயத்தைக் காலி செய்யச் சொல்லுமுன் சொந்த வீடு கட்டித் தர வேண்டும். ஒரு முறை கேட்காமல் பெயர்த்தது போதும்.

கடைசியாக, நம் வாசல். மில்லில் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போடும் சங்கத் தலைவரும், பண்ணையில் கூலி பேசி முடிக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கக்காரரும் பிறர் வாழ்க்கைக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான். அவர் காசு வாங்கவில்லை என்று தெரிந்தால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். கையெழுத்துக்கு முன் கேட் கூட்டம் போட்டாரா, ஷரத்துகளை மூன்று ஷிப்டுக்கும் படித்துச் சொன்னாரா, வேண்டாம் என்று கை தூக்கியவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாரா என்று விசாரியுங்கள். இதை எழுதுகிற நம்மிடமிருந்தே அந்த விசாரணையைத் தொடங்குங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.