தில்லை மரமும் தில்லை மக்களும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்று ஒரு பெயர் உண்டென்பதை அறியாதவர் நம் நாட்டில் இல்லை. தில்லை என்பது ஒரு மரம் என்பதை அறிந்தவர்களோ அதில் பாதிப்பேர்கூட இருக்கமாட்டார்கள். அந்த மரம் இன்று எங்கே நிற்கின்றது, அதன் பக்கத்தில் பிழைக்கிறவர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் குறைவு. ஆகையால் அதைப்பற்றிச் சிறிது எழுத முன்வருகின்றோம்.

சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்தில், கிள்ளைக்கு அருகே, வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்திற்கும் நடுவே பிச்சாவரம் சதுப்புக்காடு இருக்கின்றது. கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் உப்புச் சேற்றில் சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் அங்கே வளர்கின்றன. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பட்டணத்தில் பெயராக மிஞ்சிவிட்ட மரம் இந்தச் சேற்றில் உயிரோடு நிற்கின்றது. 2022-ம் ஆண்டில் ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் பட்டியலிலும் இக்காடு ஏறிற்று. படகேறி வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் குறைவில்லை.

படகில் போகிறவன் மரத்தைப் பார்க்கிறான். தண்ணீரில் குனிந்து நிற்கும் மனிதரைப் பார்ப்பதில்லை. அவர்கள் இருளர்கள். படகும் வலையும் வாங்க முதலில்லாதவர்கள். ஆணும் பெண்ணும் நீரில் இறங்கி, ஓலையால் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிக்கின்றார்கள். நீர் எப்பொழுது வற்றும், எந்த வேரடியில் நண்டு பதுங்கும் என்பதெல்லாம் அவர்களுடைய விரல் நுனியில் இருக்கும் கல்வி. பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிர்களைப்பற்றிப் படித்துப் பட்டம் வாங்குகிறவர்களுக்கு மரியாதை உண்டு. அதே நண்டின் வளையைக் கையால் அறிந்தவனுக்கு “அடே” என்ற கூப்பாடுதான் உண்டு. இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

நிற்க. தில்லை வனத்தின் தலபுராணத்தைக் கதாகாலட்சேபக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதில் புலிக்கால் முனிவர் வருகிறார். பாம்புடல் முனிவர் வருகிறார். மூவாயிரவர் வருகின்றார்கள். சேற்றில் கைவிட்டு மீன் பிடித்த மனிதன் ஒருவன் பெயரை எவரும் சொல்லக் கேட்டதில்லை. மூவாயிரம் பேர் குடியிருந்த காட்டில் உழைத்துத் தின்றவன் ஒருவன்கூடவா இல்லை? புலிக்காலுக்கு இடம் கொடுத்த புராணத்தில் மனிதன் கைக்கு இடமில்லாமற் போனது ஏன்? புராணம் எழுதினவனுக்கு எந்தக் கை பெரிதென்று தோன்றிற்றோ அந்தக் கையைத்தான் எழுதினான். மற்றதைப் பூர்வஜென்ம பலன் என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்டான்.

இந்தப் பூர்வஜென்மக் கதைக்கும், சர்க்கார் அதிகாரிகள் வெகுகாலம் சொல்லிவந்த கதைக்கும் அதிக வித்தியாசமில்லை. பிச்சாவரத்தில் மரங்கள் பட்டு, காடு பொட்டலாகிக்கொண்டு வந்தது. குற்றம் யாருடையது? மாடு மேய்த்தவனும் விறகு ஒடித்தவனும்தான் காட்டைக் கெடுத்தார்கள் என்றார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சேற்றையும் நீரையும் அளந்து பார்த்தபொழுது வேறு காரணம் வெளிப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை வனத்துறையே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டி எடுத்தது. வெட்டின இடம் வெயிலில் காய்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி வற்றி உப்பேறிற்று. உப்பில் கன்று முளைக்கவில்லை. மீன்முள்ளைப்போல் வாய்க்கால்கள் வெட்டி நீரை ஏறியிறங்கவிட்டு, ஊராரைக் கூட்டிக்கொண்டு கன்று நட்டதும் காடு திரும்பி வந்தது. தெய்வக் குற்றத்திற்குச் சாந்தி செய்து வரவில்லை, மண்வெட்டியால் வந்தது. ஏழை மீது சுமத்தின பழி மட்டும் இறக்கிவைப்பாரின்றிக் கிடந்தது.

பிறகு 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மாத்திரம் 600 பேருக்குமேல் மாண்டார்கள். கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் மீனவர் ஊர் அழிந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மரங்கள் அலையின் வேகத்தை உடைத்தன என்று ஆராய்ச்சியாளர்கள் அடுத்த ஆண்டே எழுதினார்கள். ஆண்டவன் காப்பாற்றினான் என்று சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கின்றோம்: காட்டுக்குப் பின்னிருந்தவனைக் காத்து, முன்னிருந்த குழந்தையை அலைக்குக் கொடுத்தவனுக்கு என்ன பெயர் வைப்பது? காத்தது மரம். அந்த மரத்தை நட்டு வளர்த்த கைகளில் இருளர் கையும் உண்டு.

இவ்வளவும் செய்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? இருளர் பழங்குடியினர் என்று சர்க்கார் பட்டியலே சொல்லுகின்றது. 2011-ம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அவர்கள் 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆயினும் பிச்சாவரத்து இருளர்கள் தாங்கள் இருளர்கள்தான் என்று அதிகாரிகளை ஒப்புக்கொள்ளச் செய்யவே ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதாயிற்று. பழங்குடிச் சான்றிதழை 1989-ம் ஆண்டு முதல் தாசில்தார் கொடுக்க முடியாது. கோட்டாட்சியரே விசாரித்துக் கொடுக்கவேண்டும். போலிகள் நுழையாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. நல்லதுதான். ஆனால் ஒருநாள் நண்டு பிடிக்காவிட்டால் அன்று உலையேற்ற முடியாதவனை, நாளை வா என்று நான்கு முறை திருப்பி அனுப்பினால், அது விசாரணையல்ல, தண்டனை. தகப்பனிடத்தில் காகிதம் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்குக் காகிதம் இல்லை என்பது எப்படிப்பட்ட நியாயம்? பூர்வஜென்மம் என்று பார்ப்பனியம் சொன்னதையே ரெவின்யூ ஆபீசு வேறு பாஷையில் சொல்லுகின்றது என்போம்.

இந்த வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நியூகினித் தீவின் தென்கரையில் இதைவிடப் பெரிய சதுப்பில் அஸ்மத் என்னும் மக்கள் வாழ்கின்றார்கள். சேகோ மரத்து மாவும் மீனும் அவர்களுடைய உணவு. மரத்தில் சிற்பம் செதுக்குவதில் உலகப்புகழ் பெற்றவர்கள். 1961-ல் அச்சிற்பங்களைத் திரட்டப் போய்க் காணாமற்போன அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பிள்ளை மைக்கேல் ராக்பெல்லர் பெயரால், நியூயார்க் மெட்ரோபாலிடன் காட்சிசாலையில் 1982-ல் ஒரு பெருங்கூடம் திறந்தார்கள். அஸ்மத் தூண்கள் அங்கே நிற்கின்றன. 1963-ல் அந்நாட்டில் ஆட்சிக்கு வந்த இந்தோனேசிய அதிகாரிகளோ அச்சிற்பங்கள் பிறந்த விழாக்களையே தடுத்தார்கள். கை செய்த பொருளுக்குக் கண்ணாடிப் பெட்டி; கைக்கு உரியவனுக்குக் காட்டுமிராண்டிப் பட்டம். இங்கே மரத்தின் பெயர் கோயிலுக்கு. மரத்தடி மனிதனுக்குக் கைவிரிப்பு.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1978-ல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் எடுக்கும் விஷத்திலிருந்து செய்யும் மருந்தால், பாம்பு கடித்த எல்லாச் சாதியாரும் பிழைக்கின்றார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருதும் கொடுக்கப்பட்டது. இழிதொழில் என்றதை வித்தை என்று ஒப்புக்கொண்டதனால் வந்த பலன் இது.

தோழர்களே! கடைசியாக நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை. பார்ப்பான் நம்மைத் தள்ளிவைத்தான் என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, நண்டு கொண்டுவந்த இருளப் பெண்ணைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தி, சொன்ன விலையில் பாதியை எறிகிறவன் சுயமரியாதைக்காரன் அல்லன். அவன் பூணூல் போடாத பார்ப்பான். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் இல்லாமல் நிற்கும் இருளப் பிள்ளை இருந்தால், அதன் தகப்பனோடு சிதம்பரம் கோட்டாட்சியர் ஆபீசுக்கு நீங்களும் போங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் கடலூர் கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமையையும் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்லுகின்றது என்பதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தர்மமாக அல்ல, அவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கியாக என்று நினைத்துச் செய்யுங்கள்.